தம்பி ஜெயித்த தொகுதி

தேர்தல் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கால்வலிதான், ஐயா. மேடை, மாலை, மைக் எல்லாம் மற்றவர்களுக்கு. எனக்குக் குதிகால். இந்த முறை பிரச்சாரம் முடிவதற்குள் இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்துபோனது. மழைக்காலத்தில் தேர்தல் வைத்தால் வேறென்ன ஆகும்?

என் தம்பி எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் முன்கதை தெரியாமல் அதைக் கேட்டால் நான் ஏதோ கல்நெஞ்சுக்காரி என்று தோன்றும். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இந்தத் தேர்தலே தேவையில்லாதது. ஆட்சிக்கு இன்னும் பாதிக் காலம் மிச்சம் இருந்தது. 'உங்களுக்கு இப்போது மவுசு ஏறியிருக்கிறது' என்று யாரோ பிரதமரின் காதில் ஊத, அவர் அவசர அவசரமாகச் சபையைக் கலைத்துவிட்டார். ஜனங்கள் வேலைவெட்டியை விட்டுவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நின்று, யாருக்கும் பெரும்பான்மை கொடுக்காமல் வீட்டுக்குப் போனார்கள். அவ்வளவு எரிச்சல் அவர்களுக்கு. எனக்கும்தான். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

எங்கள் தொகுதியில் எங்கள் கட்சி ஜெயித்தது. ஜெயித்தவன் தம்பி, உழைத்தவள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, தொகுதியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கல்லூரியை விட்டு வந்த நாளிலிருந்து அந்தக் கட்சிக்குத்தான் ஓடுகிறேன். என் ஜெராக்ஸ் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு ஓடினேன். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் 'இந்தத் தேர்தல் முடியட்டும்' என்று தள்ளிப்போட்டேன். தேர்தல்கள் முடிந்துகொண்டே இருந்தன. எந்தத் தெருவில் நாய் துரத்தும், எந்த வீட்டில் மாமியார் சொல்கிற சின்னத்துக்கு மருமகள் போடமாட்டாள், எல்லாம் எனக்கு அத்துப்படி. வேட்பாளர் அறிவிப்புக்கு முன்னால் மாவட்டச் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க இல்லாம இந்தத் தொகுதியில கட்சியே கிடையாதும்மா. ஆனா போஸ்டர்ல போடுறதுக்கு ஒரு சிரிச்ச முகம் வேணும் பாருங்க. உங்க தம்பிய நிக்கச் சொல்லுங்களேன்."

தம்பி அதுவரை ஒரு கூட்டத்துக்குக்கூட வந்தவனில்லை. டைல்ஸ் கடை வைத்திருந்தான். நன்றாகச் சிரிப்பான். நான் சரி என்று சொல்லிவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவனுக்காக வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒரு வீட்டில் ஒரு பெண் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "உங்க தம்பி யாருன்னே எனக்குத் தெரியாதுக்கா. உங்க முகத்துக்காகத்தான் போடுறேன்." அப்படிச் சொன்னவர்கள் ஏராளம். அந்த ஓட்டெல்லாம் யாருக்கு விழுந்தது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை என்று ஆனதும் உதிரிகளையெல்லாம் சேர்த்து ஆளுக்கொரு கூட்டணி கட்டினார்கள். கட்டி முடித்துப் பார்த்தால், அந்தப் பக்கத்தைவிட எங்கள் பக்கம் ஒரே ஒரு ஆள் கூடுதல். உடனே பேரம் தொடங்கிவிட்டது. எங்கள் உறுப்பினர்களைப் பேருந்தில் ஏற்றி, ஏரிக்கரையில் ஆளே வராத ஒரு ஓட்டலில் கொண்டுபோய் அடைத்தார்கள். போன்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். அறைகளின் உள்தாழ்ப்பாளைக் கழற்றி வெளிப்பக்கம் மாட்டினார்கள். காவலுக்கு ஆள் போட்டால் எதிரணி அந்தக் காவல்காரனையும் சேர்த்து வாங்கிவிடுகிறது. அதனால் எங்கள் கட்சியில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினரின் வீட்டு ஆளே அவருக்குக் காவல். அவர் தாவினால் தெருவில் தலைகாட்ட முடியாமல் போகிறவர் யாரோ, அவரைப் பார்த்து எடுப்பார்கள். மனைவிகளை எடுப்பதில்லை, மனைவிகளுக்கு அமைச்சர் பங்களா பிடித்துவிடும் என்பார் செயலாளர். தம்பிக்கு என்னைப் போட்டார்கள்.

இன்னொரு விதியும் இருந்தது. நெஞ்சுவலி என்று யார் சொன்னாலும் கதவைத் திறக்கக் கூடாது. போன சபையில் எங்கள் ஆட்கள் மூன்று பேருக்கு ஒரே நாளில் நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்சில் ஏறிப் போனவர்கள் மறுநாள் எதிரணி வரிசையில் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதிலிருந்து எங்களிடம் நெஞ்சுவலி என்றால் பேரம் படிந்துவிட்டது என்று அர்த்தம். கட்சி டாக்டர் வந்து பார்த்துச் சொன்னால்தான் கதவு திறக்கும். கட்சி டாக்டர், பல் டாக்டர். சிரிக்காதீர்கள் ஐயா, கட்சியில் இருந்த டாக்டர் அவர் ஒருத்தர்தான்.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் காலையில் காப்பி குடிக்கும்போது தம்பி மெல்ல ஆரம்பித்தான்.

"அக்கா, அந்தப் பக்கம் வந்தா துணை அமைச்சர் தர்றாங்களாம். சமையல்காரர்கிட்ட சொல்லி அனுப்பியிருக்காங்க. தொகுதிக்கு நல்லதுதானே?"

"என்னடா பேசற?"

"சும்மா கேட்டேன்கா. இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு எனக்கு என்ன தெரியும்? நீதானே நிக்கச் சொன்ன."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் நான் கத்துகிற ஆள் இல்லை. உட்கார்ந்து யோசித்தேன். இவன் தாவினால் நமக்கு இரண்டு இழப்பு: இங்கே ஒன்று குறையும், அங்கே ஒன்று கூடும், ஆட்சி கையைவிட்டுப் போகும். இவன் வாக்கெடுப்புக்கே வராவிட்டால் ஒன்றுதான் குறையும். இரண்டு பக்கமும் சமமாகும். அப்போது மட்டும் தற்காலிகச் சபாநாயகர் தன் வாக்கைப் போடுவார், இந்த எண்ணிக்கையில் சேராத அவரும் எங்கள் ஆள். இதில் என் சொந்த விருப்பு வெறுப்பு எதுவும் கிடையாது.

மதியம் உறுப்பினர்களைக் கீழே கூடத்தில் உட்காரவைத்துக் கை தூக்கப் பழக்கினார்கள். எந்தக் கேள்விக்குத் தூக்குவது, எப்போது இறக்குவது என்று. பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லோரும். தம்பி போகவில்லை. ஒரு மாதிரி இருக்கிறது என்று படுத்துவிட்டான். நான் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினான்.

"அக்கா, நெஞ்சு வலிக்குதுக்கா."

நடிக்கிறான் என்று நினைத்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். கட்சியின் விதியே அதுதானே. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. அவனுக்கு அந்த அளவுக்கு நடிக்க வராது. பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நிற்கச் சொன்னபோதே சிரித்துவிட்டவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதேபோல வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவள் நான்.

"மாத்திரை... மாத்திரையக் காணோம்கா," என்றான்.

நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. அவன் மனைவி அதை எப்போதும் அவன் சட்டைப் பையில் வைத்து அனுப்புவாள். அது என் கைப்பையில் இருந்தது. காலையில் காப்பிக்குப் பிறகு அவன் குளிக்கப் போனபோது நான்தான் எடுத்து வைத்தேன். தொலைத்துவிடுவான் என்பதற்காகத்தான் எடுத்தேன்.

"படுடா, டாக்டருக்குச் சொல்றேன்," என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

சொன்னேன். கீழே கை தூக்கும் பயிற்சி முடிந்து, எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு சொன்னேன். அதுவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவன் முதலில் 'அக்கா, கதவைத் திற' என்றான். பிறகு சின்ன வயதில் இருட்டைப் பார்த்தால் கூப்பிடுவானே, அந்த மாதிரி 'க்கா, க்கா' என்று மட்டும். அப்புறம் கூப்பிடவில்லை. பல் டாக்டர் வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். நல்ல மனிதர்.

வாக்கெடுப்பு சமமாக முடிந்தது. சபாநாயகர் கை கொடுத்தார், ஆட்சி எங்களுக்கு வந்தது. தலைவரே துக்கம் கேட்க வந்தார். "உங்க குடும்பத்தைக் கட்சி மறக்காதும்மா," என்று என்னிடம்தான் சொன்னார்.

உண்மையைச் சொல்ல உட்கார்ந்துவிட்டு ஒன்றை மட்டும் மறைப்பது முறையில்லை. அன்று காலையே, காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள், 'சரிக்கா, நீ வேணாம்னா நான் போகல, விடு' என்று தம்பி சொல்லிவிட்டான். மனசாரத்தான் சொன்னான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் என்னை எதிர்த்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். என் ஆயுளில் பாதியைக் கொட்டி வாங்கிய இடம் ஐயா அது. அவனுக்கு அது சினிமா டிக்கெட் மாதிரி, இந்தக் காட்சி இல்லையென்றால் அடுத்த காட்சி. அந்தச் சிரிப்போடு 'விடு' என்கிறான்.

உறுப்பினர் இறந்தால் இடைத்தேர்தலில் அவர் வீட்டு ஆளைத்தான் நிறுத்துவார்கள். அனுதாப ஓட்டு விழும். எங்கள் வீட்டில் கட்சி தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். போன வாரம் பெயரை அறிவித்தார்கள். தம்பி மனைவியாம். தொகுதியின் எல்லை எதுவென்று கேட்டால் முழிப்பாள். சட்டைப் பையில் மாத்திரை இல்லையே என்று உங்களிடம் புகார் கொடுத்தவளும் அவள்தான். அந்த ஆத்திரத்தில் நான் இதையெல்லாம் கொட்டுவதாக நினைக்காதீர்கள். பதவி ஆசை எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

ஆமாம், தம்பியைச் சாகவிட்டவள் நான். தெரிந்துதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். தீர்ப்பு வரும்வரை தேர்தலில் நிற்கத் தடையில்லை என்று வக்கீல் சொல்கிறார். என்னை நம்பி ஓட்டுப் போட்ட ஜனங்களை நடுத்தெருவில் விட முடியாது, அதனால் சுயேச்சையாக நிற்கிறேன். மனு கொடுக்க நாளைதான் கடைசி. முன்மொழிய எங்கள் தொகுதி வாக்காளர் இன்னும் ஒருவர் வேண்டும். உங்கள் வீடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்தெருவில்தானே, ஐயா?