டிக்கியில் ஒன்றுக்குத்தான் இடம்

என் பெயரையும் வீட்டு விலாசத்தையும் தாளின் தலைப்பில் எழுதிக்கொண்டார்கள், இரண்டும் சரியே. வயது நாற்பத்து நான்கு. மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை அளந்து சொல்லும் வேலை பார்க்கிறேன். புகார் கொடுத்தவர் என் கணவர், டயர் கம்பெனியில் விற்பனை மேலாளர். காயம்பட்டவர் என் மாமனார், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவர். புகாரில் சொல்லப்பட்டிருப்பவர் ஏரிக்கரை விடுதியில் வாடகைப் பொருள் அறையைக் கவனித்துவரும் ஊழியர். அவரை விடுதிக்குப் போன அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். உறவோ பழக்கமோ கிடையாது.

மகளுக்குப் பரீட்சை முடிந்ததும் குடும்பத்தோடு நான்கு நாள் வெளியூர் போவதென்று முடிவு செய்தோம். அந்த விடுதியில் கோல்ஃப் மைதானம் இருந்தபடியால் என் கணவர் அதையே பிடித்துக்கொண்டார். மேலதிகாரிகளோடு பழகுவதற்காக அவர் அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. சொந்தமாக மட்டைகள் வாங்கி, அவற்றைப் படுக்கையறை அலமாரியில் என் புடவைகள் இருந்த இடத்தில் வைத்திருக்கிறார். மாமனாருக்கு இடது காலில் பலம் இல்லை. கைத்தடியோடு குளியலறை வரை நடப்பார், மற்றபடி சக்கர நாற்காலிதான்.

புறப்படுவதற்கு முந்தின நாள் காரில் சாமான்களை ஏற்றினோம். பின்சீட்டில் மாமனாரும் மகளும் உட்கார வேண்டும். பெட்டிகளை அடுக்கியது போக டிக்கியில் மட்டைப் பை, அல்லது நாற்காலி, ஏதாவது ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. மட்டைகளை விடுதியிலேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதற்கு என் கணவர், வாடகை மட்டை என்றால் கண்டவன் கையெல்லாம் பட்டது, நீளம் சரியாக இருக்காது, பிடி வழுக்கும், தன் உடம்புக்குப் பழகின மட்டை இல்லாவிட்டால் ஆட்டமே கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டு, விடுதிக்குப் போன் செய்து சக்கர நாற்காலியும் வாடகைக்குக் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டார். "நீங்க மட்டைக்குச் சொல்றதெல்லாம் மாமா நாற்காலிக்கும் பொருந்தும்ல?" என்று கேட்டேன். "நாற்காலின்னா உட்காரத்தானே போறார்? அதுல என்ன நீளம், பிடி?" என்றார். மாமனாருடைய நாற்காலியில் இடது காலுக்கென்று மிதிபலகை இரண்டு விரல்கடை உயர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. அது என் கணவருக்கும் தெரியும்.

இதையெல்லாம் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மாமனார், "அப்ப என்னையும் இங்கேயே விட்டுட்டுப் போங்கடா. அங்க போய் ஒரு அப்பனை வாடகைக்கு எடுத்துக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதன் பிறகு மட்டைப் பை டிக்கியில் ஏறியது.

விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததும் நானும் மாமனாரும் வாடகைப் பொருள் அறைக்குப் போனோம். அந்த அறையில் ஒரு சுவரை ஒட்டி வாடகை மட்டைப் பைகள் வரிசையாகவும், எதிர்ச்சுவரை ஒட்டிச் சக்கர நாற்காலிகளும் குழந்தை வண்டிகளும் இருந்தன. மேற்படி ஊழியர் ஒரு நாற்காலியை எடுத்து, வாசலில் இருந்த சரிவுப் பாதையில் நிறுத்தி, இரண்டு பக்கத்துப் பிரேக் கம்பிகளையும் போட்டு, "நீங்களே தள்ளிப் பாருங்க மேடம்" என்றார். தள்ளினேன், நகரவில்லை. பிறகு மாமனாரை உட்கார வைத்தும் தள்ளச் சொன்னார். அப்போதும் நகரவில்லை. "பரவாயில்லையே, வண்டியக் குடுக்கறதுக்கு முன்னாடி பிரேக்கப் பார்க்கற ஆள இப்பத்தான் பார்க்கறேன்" என்று மாமனார் அவரைப் பாராட்டினார். கம்பிகளின் நுனியில் கறுப்பு ரப்பர் குமிழ் இரண்டிலும் இருந்தது. நான் பார்த்தேன்.

மறுநாள் காலை என் கணவர் விளையாடக் கிளம்பினார். மைதானம் எங்கள் அறையிலிருந்து தூரம். பையை வைத்து உருட்டிக்கொண்டு போகும் தள்ளுவண்டி, மட்டைகளை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். சொந்தத் தள்ளுவண்டி, டிக்கியில் இடம் இல்லாததால், வீட்டில் இருந்தது. அதன் பேரில் அவர் மாமனாரின் நாற்காலியை எடுத்து, கை வைக்கும் சட்டங்களின் மேல் பையைக் குறுக்காகக் கிடத்தித் தள்ளிக்கொண்டு புறப்பட்டார். அப்போது மாமனார் உணவுக்கூடத்தில் சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அப்பா சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள அனுப்பி வச்சிடறேன்" என்று என் கணவர் சொன்னார். அனுப்பவில்லை. மேசைகளைத் துடைத்து, விரிப்பு மாற்றி, மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கத் தொடங்கும்வரை மாமனார் அதே இடத்தில் இருந்தார். விலைப்பட்டியலை முன்னும் பின்னும் படித்தார். பரிமாறுபவர் வந்து இன்னும் ஏதாவது வேண்டுமா என்று கேட்டபோது, "கால் ஒண்ணு கிடைக்குமா?" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது.

அதன் பிறகு என் கணவர் திரும்பி வந்தார். ஆட்டம் சரியாக அமையவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. பையை இறக்கும்போது அதன் தோள்பட்டை வார் வலது பக்கத்துப் பிரேக் கம்பியில் மாட்டிக்கொண்டது. அதை நிதானமாக விடுவிக்காமல் சக்கரத்தின் மேல் காலை ஊன்றிப் பலமாக இழுத்தார். கம்பி வெளிப்பக்கமாக வளைந்தது, ரப்பர் குமிழ் தெறித்து விழுந்தது. அவர் குனிந்து குமிழை எடுத்து, பந்துகள் வைக்கும் பக்கப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினார். "உடைஞ்சிடுச்சா?" என்று கேட்டேன். "வெறும் ரப்பர்தான்" என்றார். உடனே கொண்டுபோய் வேறு நாற்காலி வாங்கி வரச் சொன்னேன். நாம்தான் உடைத்தோம் என்பார்கள், கிளம்பும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்றார். நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

அன்று மாலை மாமனார், மகன் விளையாடுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். நாங்கள் மூவரும் ஏரியை ஒட்டிய பயிற்சித் திடலுக்குப் போனோம். மகள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். திடலை ஒட்டிய நடைபாதை ஏரியை நோக்கிச் சரிவாக இறங்குகிறது. என் கணவர் நாற்காலியை அதன் குறுக்கே நிறுத்தி இரண்டு பிரேக்கையும் போட்டார். மாமனார் வலது கம்பியைக் கையால் அசைத்துப் பார்த்து, "டேய், இந்தப் பக்கம் பிடிக்கல" என்றார். "நான் பிடிச்சிருக்கேன்பா" என்றார் என் கணவர். நான் நாலைந்து அடி தள்ளி நின்றிருந்தேன்.

சிறிது நேரம் பிடித்திருந்தார். அதன் பிறகு, மட்டையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று மாமனார் கேட்க, அவர் காட்ட ஆரம்பித்தார். கோல்ஃப் மட்டையை இரண்டு கையாலும்தான் பிடிக்க வேண்டும். இடது சக்கரம் நின்ற இடத்தில் நிற்க, வலது சக்கரம் மட்டும் உருண்டதில் நாற்காலி அரைவட்டம் அடித்துப் பாதையின் விளிம்பில் இறங்கிக் கவிழ்ந்தது. மாமனார் இடது பக்கமாக விழுந்தார். சத்தம் போடவில்லை. நான் ஓடிப்போய்த் தலையைத் தாங்கினேன். என் கணவரும் ஓடி வந்தார், ஆனால் மட்டையைக் கையில் பிடித்தபடியே வந்து, ஒரு கையால் அவரைத் தூக்கப் பார்த்தார். "முதல்ல அதக் கீழ போடுடா" என்று மாமனார் சொன்னார். அதுவரை மட்டை தன் கையில் இருப்பதே என் கணவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

தொடை எலும்பு முறிந்திருப்பதாக மருத்துவமனையில் சொன்னார்கள். அன்றிரவே என் கணவர் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, பிரேக் பழுதான நாற்காலியைக் கொடுத்ததாக மேற்படி ஊழியர் மேல் புகார் கொடுத்திருக்கிறார். அவரை அழைத்து வந்து உட்கார வைத்திருக்கும் விஷயம் எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. மாமனார் டாக்டரிடம் தனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்று சொல்லியிருந்தார். என்னிடம், "அவன் வேணும்னு விடலம்மா. மாட்டி விட்றாத" என்றார். சரி மாமா என்றேன். ஊழியர் நிலையத்தில் இருப்பதைத் தெரிவித்தேன். "யாரு, பிரேக்கப் பார்த்துக் குடுத்தாரே, அவரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "லைசென்ஸ் டெஸ்ட்ல ஃபெயில் ஆனவன் எவனும் தன்னச் சொன்னதில்ல. வண்டி சரியில்லம்பான்" என்றார். "நீ போய்ப் பார்த்ததச் சொல்லிடு" என்றார். அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

இங்கே வரும் வழியில் என் கணவர், இது குடும்ப விஷயம், 'நான் திரும்பி நின்றிருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை' என்று நீ சொன்னால் போதும் என்றார். ஊருக்கெல்லாம் பார்வை அளந்து சொல்கிற எனக்குப் பக்கத்தில் நடந்தது தெரியவில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள் என்று பதில் சொன்னேன்.

அதிகாரி கேட்டதன் பேரில் சொல்கிறேன்: எனக்கும் என் கணவருக்கும் முன்விரோதம் எதுவும் இல்லை. அவர் கெட்டவரும் இல்லை. தகப்பனார் மேல் பிரியம் உள்ளவர், மருத்துவமனையில் இரண்டு இரவும் தரையில்தான் படுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தில் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

நாற்காலியை ஏற்கெனவே கைப்பற்றியிருக்கிறீர்கள். ரப்பர் குமிழ் பந்துகளோடு மட்டைப் பையின் பக்கப் பையில் இருக்கிறது. பையை நானே டிக்கியிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து, குமிழோடும் மட்டைகளோடும் முழுதாக ஒப்படைக்கிறேன். வழக்கு முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும், அதற்கு நாளாகும் என்று அதிகாரி சொன்னார். எவ்வளவு நாளானாலும் சரி என்றேன். மாமனாரை அழைத்துப் போகும்போது ஒரு நாற்காலி வைக்க டிக்கியில் அந்த இடம் வேண்டும்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். நான் பார்த்ததும் கேட்டதும் தவிர இதில் வேறு இல்லை. உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)