கைராசி

இரத்தக் குழாயைக் குலுக்கவே கூடாது, சேர். எட்டுத் தரம் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். இருபத்திரண்டு வருடம் பதுளை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் ஊசி பிடித்தவன் நான். "பரமலிங்கம் ஐயாவுக்குக் கைராசி, குத்துறதே தெரியாது" என்று தோட்டத்துச் சனம் என்னைத் தேடித்தான் வரும்.

இராசமணியும் அப்படித்தான் வந்தாள். 2003 மழையில் பெரகலைக்குக் கீழே மண் சரிந்து, ஒரு லொறி பள்ளத்தில் போனது. உள்ளே இரண்டு பேர். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த இராசமணியின் ஒரே மகன் பார்த்தீபன். பதுளையில் புடவைக்கடை வைத்திருந்த ஸுபைராவின் மகன் ஜஸீல். மூன்று வாரம் கழித்து ஒரு உடல் மட்டும் கிடைத்தது. முகம் சிதைந்திருந்தது. போட்டிருந்தது ஜஸீலின் ஜக்கெட். இரண்டு தாய்மாரும் தன் தன் பிள்ளை என்றார்கள். நீதிமன்றம் டிஎன்ஏ பார்க்கச் சொன்னது.

"கொள்ளி வைக்க ஒரு ஒடம்பு வேணுங்க ஐயா. கருமாதி செய்யாம எப்புடிங்க வுடுறது? ஒங்க கைராசிக்கு எம்புள்ள எனக்குக் கெடச்சிருவான்" என்றாள்.

ஸுபைராவுக்கு இன்னும் நான்கு மகன்கள். இவளுக்கு யார் இருந்தார்கள்? ஜக்கெட்டைப் பார்த்தால் உடல் யாருடையது என்று யாருக்கும் விளங்கும். பாவம் பார்த்தேன். இரண்டு தாய்மாரின் இரத்தக் குழாய்களிலும் பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டினேன்.

மற்ற வேலையெல்லாம் சுத்தமாகத்தான் செய்தேன். வெள்ளணுக்களைப் பிரித்தேன். குளிர்ந்த அற்ககோல் விட்டதும் டிஎன்ஏ சேமியா போலத் திரண்டு வந்தது. இரண்டையும் உடலின் டிஎன்ஏ வரிசையோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கொழும்புக்கு அனுப்பினேன்.

உடல் ஸுபைராவின் மகனுடையது என்று அறிக்கை வந்தது.

அறிக்கையைத் திரும்பத் திரும்ப வாசித்தேன், சேர். ஸுபைராவின் பெயரில் போனது இராசமணியின் இரத்தம் அல்லவா? குளிருக்கு ஜஸீல் தன் ஜக்கெட்டைக் கழற்றிக் கூட்டாளிக்குக் கொடுத்திருக்கிறான். நான் சும்மா இருந்திருந்தால் பிள்ளை பெற்றவளிடமே போய்ச் சேர்ந்திருப்பான்.

ஜனாஸா அடக்கம் மறுநாள்தான். அதற்குள் சொல்லியிருக்கலாம். ஸுபைரா அழுது ஓய்ந்திருந்தாள்; அவளை மறுபடி கலைக்க மனம் வரவில்லை. பார்த்தீபனை ஜஸீல் என்று மையவாடியில் அடக்கினார்கள். நானும் ஒரு பிடி மண் போட்டேன். ஜஸீல் கிடைக்கவேயில்லை.

இராசமணி அறிக்கையை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். "அது எம்புள்ள இல்லன்னா அவன் உசுரோட இருக்கான்! ஒங்க கைதாங்க சொல்லுச்சு" என்று என் இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆறு வருடம் லயத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. இரண்டு பேருக்குச் சோறாக்கினாள். போன மாசியில், அந்தக் கதவு திறந்தபடியே கிடக்க, செத்துப்போனாள். கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லை. அக்கம்பக்கத்தார் கேட்டார்கள், நான் வைத்தேன்.

எல்லாம் அவளுக்காகச் செய்ததுதான். பயத்தில் மறைத்தான் என்று மட்டும் வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள், சேர். பென்சன் உறுதியான மறுநாளே நானாக வந்துவிட்டேனே.