நடுவில் நிறுத்த முடியாத ஆட்டம்

அந்தக் கம்ப்யூட்டரை ஈரம் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள், மேடம். நேற்று உங்கள் ஏட்டு அதை ஜீப்பின் பின்சீட்டில் போட்டு, அதன் மேலேயே டேப் ரிக்கார்டரையும் வைத்துக்கொண்டு போனார். விசைப்பலகைக்கு உள்ளேயே எல்லாம் அடங்கிய பழைய மாடல் அது. உள்ளே இருக்கிற சில்லுகள் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. கேசட்டையும் ஸ்பீக்கர் பக்கம் வைக்க வேண்டாம், காந்தம் பட்டால் அழிந்துவிடும். இதைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன். மற்றதை நிதானமாகச் சொல்கிறேன்.

என் பெயர் சுருளி. வீடு அனுமந்தன்பட்டிக்கு வெளியே திராட்சைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. தோட்டம் என் மனைவி முத்துலட்சுமிக்கு அவள் அப்பா வழியில் வந்தது. நான் உத்தமபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். பரீட்சை ரிசல்ட் வருகிற நாளில் வாசல் வரைக்கும் வரிசை நிற்கும். பிறகு எல்லார் கைக்கும் போன் வந்தது, வரிசை போய்விட்டது, கடையை மூடினேன். அதற்கப்புறம் தோட்டத்தை அவள் பார்த்துக்கொண்டாள், வீட்டை நான் பார்த்துக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் வீட்டையும் அவள்தான் பார்த்தாள். நான் குடிப்பதில்லை. ஒருநாளும் அவளைக் கைநீட்டி அடித்ததில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

எனக்கு இருந்தது அந்த ஆட்டம் ஒன்றுதான்.

நான் பத்தாவது படிக்கும்போது பெரியப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தான். டிவியில் சொருக வேண்டும். கேசட்டை ஓடவிட்டால் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் முழுக்க ஓடி முடிந்தால்தான் ஆட்டம் உள்ளே ஏறும். தொப்பி போட்ட ஒரு குள்ளன் இடமிருந்து வலமாக ஓடுவான். அவன் ஓட ஓடப் படம் நகரும். பள்ளம் வரும், ஆடுகிற பலகை வரும், வௌவால் பறந்து வரும், குதிக்க வேண்டும். அவ்வளவுதான். மூன்று உயிர் கொடுப்பார்கள். கடைசியில் ஒரு குகை. குகையைத் தாண்டினால் மலை உச்சியில் ஒரு கொடி.

உங்கள் பிள்ளைகள் போனில் ஆடுகிற ஆட்டம் மாதிரி இல்லை, மேடம். அதையெல்லாம் பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிட்டுவிட்டு வரலாம். விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். இதில் அப்படி ஒரு பட்டன் கிடையாது. சேமித்து வைக்கவும் முடியாது. கையை எடுத்தால் குள்ளன் செத்தான். மூன்று தடவை செத்தால் மறுபடியும் முதல் திரை. இந்த ஒன்றை நீங்கள் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அந்தக் குகையில் மூன்றாவது பலகை ஒன்று இருக்கிறது. அதன் கடைசி நுனியில் காலை வைத்துக் குதிக்க வேண்டும். ஒரு மயிரிழை முன்னால் குதித்தால் வௌவால் அடிக்கும், ஒரு மயிரிழை பின்னால் குதித்தால் பள்ளம். நான் அதில் விழ ஆரம்பித்தபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. இப்போது மீசை நரைத்துவிட்டது. சில நாள் விசைப்பலகையை ஓங்கிக் குத்தலாம் போல இருக்கும். குத்தமாட்டேன். எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உட்காருவேன். வெளிநாட்டில் யாரோ அதை ஆடி முடித்து வீடியோ போட்டிருப்பதாக என் மகள் ஓவியா சொன்னாள். நான் பார்க்கவில்லை. அடுத்தவன் முடித்ததைப் பார்ப்பதற்கா இத்தனை வருஷம் ஆடினேன்?

முத்துலட்சுமிக்கு அதில் வெறுப்பு ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரின் மின்சாரப் பெட்டி புகைந்துபோனபோது அவளே மதுரைக்கு பஸ் ஏறிப் போய்ச் சரிசெய்து வாங்கி வந்தாள். ஒருநாள் முறத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "அந்த மேட்டுல என்னங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"கொடி."

"கொடிக்கு அங்குட்டு?"

"போனாத்தான தெரியும்."

"அப்ப போயிட்டு வந்து சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனாள்.

நல்லவள்தான். ஆனால் கூப்பிடுகிற நேரம் தெரியாது. சித்திரை பிறந்ததும் ஒருநாள், நான் மூன்றாவது பலகையில் நிற்கும்போது உள்ளே வந்து, "ஏங்க, மும்முனை கரண்ட் வந்திருச்சு, மோட்டாரைப் போட்டு விடுங்களேன்" என்றாள். நான் அவள் பக்கம் திரும்பினேன். குள்ளன் விழுந்தான். அதுதான் கடைசி உயிர். எழுந்து போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அவள் காரணம் கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

அதற்குப் பிறகுதான் ஆடும்போது முன்கதவைத் தாழ் போட ஆரம்பித்தேன். குரங்குத் தொல்லையால் பின்கதவு எப்போதும் உள்தாழில்தான் இருக்கும். டிவியில் வெளிச்சம் அடிக்கிறது என்று ஜன்னலையும் சாத்திவிடுவேன். இதில் திட்டம் எதுவும் இல்லை, மேடம். நிம்மதியாக ஆட நினைத்தேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு வீரபாண்டித் திருவிழா. வேலைக்கு ஆள் இல்லை. எங்கள் தோட்டத்தில் வேலை பார்க்கிற இருளம்மாள் முதல்நாளே வந்து, "அண்ணே, நாளைக்கு யாரும் வரமாட்டோம், எல்லாரும் தீச்சட்டி எடுக்கப் போறோம். அக்காகிட்டச் சொல்லிட்டேன், சரின்னு சொன்னாக" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். குலை குலையாகக் காய்த்திருந்த நேரம், எங்கேயோ அணில் கொறிக்கிறது என்று சொல்லிவிட்டு முத்துலட்சுமி மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் திராட்சைப் பந்தலுக்குள் போனாள். அவள் போன் வீட்டுக்குள் சார்ஜில் இருந்தது. நான் தாழ் போட்டேன்.

அன்றைக்குக் கை அபாரமாக ஓடியது. சில நாள் அப்படி அமையும். ஒரு உயிர்கூடப் போகாமல் குகைக்கு வந்துவிட்டேன். அப்போதுதான் கதவைத் தட்டினாள்.

"ஏங்க, கதவைத் தொறங்க."

நான் பதில் சொல்லவில்லை. பேசினால் கவனம் போய்விடும்.

"ஏங்க, காலுல பாம்பு கடிச்சிருச்சுங்க. படம் எடுத்துச்சு. நல்லபாம்புதான்."

"இந்தா வர்றேன். செத்த பொறு" என்றேன்.

"சரிங்க. சீக்கிரம் வாங்க" என்றாள்.

சரி என்றுதான் சொன்னாள், மேடம். கத்தவில்லை, அழவில்லை. அவள் கத்தியிருந்தால் விஷயம் பெரிது என்று எனக்கு உறைத்திருக்கும். இதை நான் அவள்மேல் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். அவள் மறுபடி தட்டியபோது முதல் உயிர் போனது. "மயக்கமா வருதுங்க" என்றபோது இரண்டாவது போனது. எனக்கு எரிச்சல் வந்தது உண்மை. எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை இப்படிக் கை அமைகிறது. அந்த ஒரு நேரம் பார்த்துத்தானா என்று இருந்தது.

நடுவில் நிறுத்துகிற ஆட்டமாக இருந்திருந்தால் நிறுத்திவிட்டுப் போயிருப்பேன். சாமி சத்தியமாகப் போயிருப்பேன்.

பிறகு கதவைத் திறந்தேன். அவள் வாசல்படியில் சாய்ந்து கிடந்தாள். தூக்கி ஸ்கூட்டரில் முன்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் கண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எங்க கெடந்தாங்க?" என்று கேட்டார். பந்தலுக்குள் கிடந்தாள், தேடிப் போனபோதுதான் பார்த்தேன் என்றேன். மருந்து கையிருப்பில் இருந்தது, கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று அவர் வருத்தப்பட்டார். நானும் வருத்தப்பட்டேன். நடிக்கவில்லை.

கதவைத் துடைத்ததும் நான்தான். துக்கத்துக்கு ஆட்கள் வருகிற வீடு. ஆனால் எனக்கு முன்னாலேயே இருளம்மாள் பார்த்துவிட்டாள். "அண்ணே, கதவுல கையி மண்ணு கீழ வரைக்கும் இழுத்துக்கிட்டே வந்திருக்கே, அக்கா இங்கனயா வந்து விழுந்தாக?" என்று கேட்டாள். நான் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, தெரியவில்லை என்றேன். அவள் அங்கிருந்து நேராக ஓவியாவிடம் போயிருக்கிறாள்.

ஓவியா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். காரியம் முடிகிற வரைக்கும் என்னோடுதான் இருந்தாள். ஒருநாள் காலையில் காபியை என் முன்னால் வைத்துவிட்டு, தன் போனை நீட்டினாள். நான் அனுப்பிய போட்டோ. டிவித் திரையில் குள்ளன் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கீழே, முடித்துவிட்டேன் என்று நான் எழுதியிருக்கிறேன். அதற்கு அவள் கைதட்டுகிற படம் போட்டிருந்தாள்.

"அப்பா, இது வந்ததுக்கு அப்புறந்தாம்ப்பா நீங்க போன் பண்ணி அம்மாவைப் பாம்பு கடிச்சிருச்சுன்னு சொன்னீக."

நான் காபியைக் குடித்தேன்.

"அம்மா வாசல்ல கெடந்தப்ப எனக்குப் போட்டோ அனுப்பிருக்கீகளேப்பா. நானும் கைதட்டிருக்கேன்."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அம்மா மாதிரியே நிதானமாகத்தான் பேசினாள். அன்றைக்கு மதியமே உங்களிடம் வந்துவிட்டாள்.

நீங்கள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறீர்கள், மேடம். முதல் உயிர் போனது, இரண்டாவது போனது, மூன்றாவது என்னவாயிற்று என்கிறீர்கள். மூன்றாவதில்தான் முடித்தேன் என்று நான் சொல்லவில்லை. நீங்களாக அப்படி நினைத்துக்கொண்டிருந்தால் அது என் பொய் இல்லை.

மூன்றாவதும் போனது. அதே பலகையில். ஆட்டம் முடிந்து தலைப்பு வந்து நின்றது. ஏதாவது ஒரு விசையைத் தட்டு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மின்னிக்கொண்டிருந்தது. தட்டுகிற வரைக்கும் அது அப்படியே நிற்கும். நாள் முழுக்கக்கூட நிற்கும்.

அவள் இன்னும் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள். நாக்குக் குழற ஆரம்பித்திருந்தது. "வண்டிச் சாவியையாவது ஜன்னல் வழியாப் போடுங்க, நானே போயிர்றேன்" என்றாள். முழுசாக வரவில்லை, பாதிச் சொல் கரைந்துவிட்டது. ஆனால் எனக்குப் புரிந்தது. சாவி டிவி மேலேதான் கிடந்தது. கையை நீட்டினால் எட்டும்.

நான் யோசித்துப் பார்த்தேன். இப்போது எழுந்தால் ஆஸ்பத்திரி. பிறகு சொந்தக்காரர்கள் வருவார்கள். பிழைத்து வந்தாலும் ஒரு மாதம் படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குள் கை தளர்ந்துவிடும். அன்றைக்கு இருந்த கை மறுபடி அமையாது. கடித்த பாம்பெல்லாம் விஷத்தை இறக்கிவிடுவதில்லை என்று எங்கேயோ படித்திருக்கிறேன், அதையும் நினைத்துக்கொண்டேன். அடுத்தாற்போல் இருக்கிற பெரிய முதலியார் தோட்டத்துப் பக்கம் நடந்து போய்விடுவாள், அங்கே யாராவது இருப்பார்கள் என்றும் நினைத்தேன். திருவிழாவன்று அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அப்படித்தான் நினைத்தேன்.

விசையைத் தட்டினேன். முதல் திரை வந்தது.

அந்த ஆட்டத்தில் எல்லாம் சரியாக அமைந்தது, மேடம். பள்ளமும் பலகையும் என் கைக்குக் கட்டுப்பட்டு வந்தன. கதவுப் பக்கம் கொஞ்ச நேரம் வளையல் உரசுகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. மூன்றாவது பலகையின் நுனியில் கால் வைத்து, வௌவால் தலைக்குமேல் போக, குள்ளன் தாண்டினான். மேட்டில் ஏறினான். கொடியைப் பிடித்தான். சபாஷ் என்று ஒரு வார்த்தை வந்தது. போட்டோ எடுக்கிற அளவுக்குத்தான் அது நின்றது. பிறகு மறுபடியும் முதல் திரையே வந்துவிட்டது, ஓட்டம் மட்டும் கொஞ்சம் வேகம். கொடிக்கு அங்குட்டு ஒன்றும் கிடையாது. இத்தனை வருஷம் அதற்காகத்தான் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். ஓவியாவிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள். நான் நேரில் சொன்னால் கேட்கமாட்டாள். அந்தக் கடைசி ஆட்டம் முழுக்க அவள் அம்மா என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன்.