முத்திருளாயி பொட்டல்

கேளுங்கப்பா. ரொம்ப ரொம்ப முந்தி, நம்ம தாத்தனுக்குத் தாத்தன் பொறக்காத காலத்துல, கள்ளிவலசைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அதுக்கும் மேட்டுவலசைக்கும் நடுவுல ஒரு மேய்ச்சல் பொட்டல். எது எல்லைன்னு ஓயாத சண்டை. மண்டை உடைஞ்சதுதான் மிச்சம், ஆடு பட்டினி.

கடைசியில மேட்டுவலசைக்காரக சொன்னாகளாம்: "உங்க ஆளு ஒருத்தர் உங்க கோயில்லேருந்து எங்க ஊரைப் பாத்து நடக்கட்டும். பொழுது அடையுறப்ப எங்க நிக்கிறாகளோ, அங்க எல்லைக்கல்லு. ஆளை நாங்கதான் சொல்லுவோம். உங்கூரு நொண்டி நடக்கட்டும்."

சொல்லிட்டுச் சிரிப்பாச் சிரிச்சாகளாம். கள்ளிவலசை ஊர்த்தலைவரு அம்பலகாரரும் வேற வழியில்லாம சாமிமேல சத்தியம் பண்ணிட்டாரு. நடக்கப்போறது ஒரு காலு தாங்குற பொண்ணு; அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கலை.

நடந்தா. அவளுக்கு நடக்குறது பாரமில்லை. அந்தக் காலோடதான் வெறகுக்கும் தண்ணிக்கும் போய் வந்தவ. முதுகுக்குப் பின்னாடி வந்த சத்தந்தான் பாரம். ஊரே கத்துது: "நட நொண்டி, நட!"

பாதிப் பொட்டல்ல ஒரு பாறை. அதுல உக்காந்துட்டா.

எல்லைக்கல்லைத் தூக்கியாந்த மேட்டுவலசைக்காரக, "இங்கனயே நட்டுருவமா?"ன்னாக.

அம்பலகாரரு பதறிட்டாரு. "ஏ நொண்டி, எந்திரி!" எந்திரிக்கலை.

"சப்பாணி, எந்திரிம்மா!" அசையலை.

"விந்தி நடக்குற மகளே! கால் தாங்குற தாயி!" வார்த்தை மெதுமெதுன்னு ஆகுது, அவ திரும்பிக்கூடப் பாக்கலையாம்.

அப்பத்தான் சொன்னா: "நீங்க கூப்புட்டதெல்லாம் என் காலை. என்னை யாரு கூப்புட்டீக?"

ஊரு ஒருத்தரை ஒருத்தர் பாத்துச்சு. அவ ஆத்தா அப்பன் செத்துப் பல வருசமாச்சு. ஒருத்தருக்கும் பேரு தெரியலை. ஒரே தெருவுல இருந்துக்கிட்டு! நெனைச்சா நமக்கே நாக்கைப் புடுங்கிக்கலாம்போல இருக்குல்ல?

அம்பலகாரரு தலைத்துண்டை எடுத்துக் கக்கத்துல வச்சாரு. அவ முன்னாடி குத்தவச்சாரு.

"ஆத்தா, எங்களுக்குத் தெரியலை. கேக்கவுமில்லை. தப்புத்தான். உம் பேரு என்ன?"

இப்பத்தான் திரும்பிப் பாத்தாளாம்.

"முத்திருளாயி."

எந்திரிச்சா. "முத்திருளாயி! முத்திருளாயி!"ன்னு ஊரு தொண்டை கட்டுற மட்டும் கூப்புட, நடந்தா நடந்தா, பொழுது அடையுறப்ப மேட்டுவலசைக் களத்துமேட்டுல நின்னாளாம். கல்லு அங்கனதான் நட்டாக. இன்னைக்கும் அது முத்திருளாயி பொட்டல்.

மாசிச் சிவராத்திரிக்கு ஊரு கூடி எல்லைக்கல்லுக்குப் போகும். அந்தப் பாறை வந்ததும் நின்னு, பக்கத்துல வர்றவக பேரைச் சொல்லணும். தெரியலைன்னா குத்தவச்சுக் கேக்கணும், எம்புட்டுப் பெரிய ஆளா இருந்தாலும்.

அவ எந்தக் காலைத் தாங்கித் தாங்கி நடந்தான்னு கேட்டுப் பாருங்க. இடதுங்குறாக, வலதுங்குறாக. ஒருத்தருக்கும் நெசமாத் தெரியாது.