ஒன்றரைக்கு மேல் சிவப்பு

முழங்கால் போடுகிற பலகைக்குப் புது மெத்தை தைத்துப் போட்டிருக்கிறார்கள், ஃபாதர். மரியாயின் சேனைப் பெண்கள் வேலையாகத்தான் இருக்கும், நல்ல காரியம். பழைய பலகையில் பத்து நிமிடம் முழங்கால் போட்டால் எழுந்து நடப்பதற்குள் உயிர் போய்விடும். அதனாலேயே எங்கள் ஊரில் எல்லாரும் பாவத்தைச் சுருக்கமாகச் சொல்லிப் பழகிவிட்டார்கள். நான் இன்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வருடா வருடம் ஈஸ்டருக்கு முன்னால் வந்து, பொய் சொன்னேன், கோபப்பட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவன்தான் நான். இதை மட்டும் சொன்னதில்லை. இது பாவம்தானா என்றே எனக்குச் சந்தேகம். இது என் அண்ணன் மகள் ஜெர்லின் குடிக்கிற தண்ணீரைப் பற்றியது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் குடிப்பதும் அதே தண்ணீர்தான். கேட்டுவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்கள்.

நீங்கள் ஜூன் மாதம்தான் இந்தப் பங்குக் கோயிலுக்கு வந்தீர்கள், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். என் குரலை வைத்தே ஆள் யாரென்று தெரிந்திருக்கும். யாகப்பன் மகன் ஆரோக்கிய பிரவீன். பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். நம் பக்கத்துப் பாறையில் ஃப்ளோரைடு இருக்கிறது, ஆழ்துளைப் போரை எவ்வளவு ஆழம் இறக்குகிறோமோ அவ்வளவு தண்ணீரில் ஏறி வரும். குடிக்கிற பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கோடு விழும். வருடக்கணக்காகக் குடித்தால் எலும்பில் இறங்கும். இது ஊரறிந்த விஷயம். எந்தப் போரில் எவ்வளவு என்பதுதான் யாருக்கும் தெரியாமல் இருந்தது.

ஹைஸ்கூலில் அன்பரசி டீச்சர் என்று ஒருவர் இருந்தார், அறிவியல் எடுத்தவர். சோதனைப் பெட்டி ஒன்றை எப்படியோ வாங்கிவந்தார். பிள்ளைகள் அவரவர் ஊரிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவார்கள், இவர் மருந்துச் சொட்டு விட்டு நிறம் மாறுவதைப் பார்த்து அளவு சொல்வார். அந்த அளவுகளைப் போட்டு ஒரு வெப்சைட் பண்ணித் தர முடியுமா என்று என்னிடம் கேட்டார். சம்பளமில்லாத வேலை. சந்தோஷமாகத்தான் செய்தேன், அதையும் சொல்ல வேண்டும்.

அது எப்படி வேலை செய்யும் என்பது முக்கியம். ரெபாசிட்டரி என்று ஓர் இடம் இருக்கும், சைட்டுக்கான கோப்புகள் எல்லாம் அதில்தான். ஒரு கோப்பில் ஊர்களும் அளவுகளும். இன்னொரு கோப்பில் ஒரே ஒரு வரி: ஒன்றரைக்கு மேல் போனால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் என்பது நான் வைத்ததல்ல, அரசாங்கம் வைத்த எல்லை. கோப்பில் எதையாவது மாற்றி மேலே தள்ளிவிட்டால் போதும், நிமிடத்தில் பக்கம் தானாகக் கட்டப்பட்டு உலகத்துக்கே தெரியும். நடுவில் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வழக்கமெல்லாம் கிடையாது. மாற்றுகிறவனும் நான்தான், வெளியிடுகிறவனும் நான்தான்.

கோயில் பக்கத்துப் போர் நாலரையைத் தாண்டியிருந்தது. எங்கள் ஊர் நல்ல சிவப்பு. பம்ப் ஆபரேட்டர் ஆண்டி அண்ணன் போனில் பார்த்துவிட்டு, குழாய் வாயைச் சுற்றிச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார். பெண்கள் திட்டிக்கொண்டே மெயின் ரோட்டுக் காவிரிக் குழாய்க்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். திட்டினார்களே தவிர, போனார்கள். ஜெர்லினுக்கு அப்போது இரண்டு வயது, அண்ணி அவளை ஓர் இடுப்பிலும் குடத்தை மறு இடுப்பிலும் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அப்போதுதான் என் தங்கை பிளசிக்கு சேலத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்து, காப்பி குடித்து, நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஒரு வாரம் கழித்து மாப்பிள்ளையின் அக்கா என் அம்மாவுக்குப் போன் போட்டார். அம்மா ஸ்பீக்கரில்தான் பேசுவார், அதனால் வீடே கேட்டது.

"பொண்ணை ஒண்ணும் குத்தம் சொல்லலைங்க. தங்கமான பொண்ணு. ஆனா உங்க ஊர் பேரப் போட்டுப் பாத்தா செவப்பா வருதுங்களே. நாளைக்குப் பொறக்குற கொழந்தைக்கு எதுனா ஆச்சுன்னா யாருங்க பொறுப்பு?"

வேறு ஊருக்கு வாழப்போகிற பெண்ணின் குழந்தைக்கு இந்த ஊர்த் தண்ணீர் என்ன செய்யும்? அறிவியலாகப் பார்த்தால் அந்த அம்மாள் சொன்னது சுத்த அபத்தம். ஆனால் சம்பந்தம் முறிந்துவிட்டது. பிளசி அழவில்லை. அவளுக்கும் முன்பல்லில் கோடு உண்டு, போட்டோவில் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். அன்று சாப்பிட உட்காரும்போது என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் பாட்டுக்கு வாய மூடிட்டு இருந்தேன். நீதான் ஊரு பல்லையெல்லாம் லைட்டுப் போட்டுக் காட்டிட்ட. இனி உன் வெப்சைட்டுக்கே ஒரு மாப்பிள்ளை பாரு."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன், ஃபாதர். விசாரித்துப் பார்த்ததில் எங்கள் வீடு மட்டுமில்லை. ஊரில் இன்னும் இரண்டு பெண்களுக்கு இதே கதை. நல்லது செய்யப் போய் ஊர்ப் பெண்கள் தலையில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று மனது கிடந்து தவித்தது. அந்தத் தவிப்பு பொய்யில்லை, அதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அளவை மாற்றலாமா என்று முதலில் யோசித்தேன். நாலரையை அழித்துவிட்டு ஒன்று என்று போட எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அது பொய். டீச்சர் கைப்பட எடுத்த அளவு அது, அதில் கை வைக்க எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. இன்றுவரை அந்த எண்ணை நான் தொடவில்லை. பக்கத்தைத் திறந்து பார்த்தால் நாலரைக்கு மேல் என்று இப்போதும் இருக்கும். நான் மாற்றியது அந்த ஒரு வரியைத்தான். ஒன்றரைக்கு மேல் சிவப்பு என்று இருந்ததை ஐந்துக்கு மேல் சிவப்பு என்று ஆக்கினேன்.

எங்கள் ஊருக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு எழுதியிருக்கலாம், அது சுலபம். ஆனால் அது ஓரவஞ்சனை இல்லையா? மற்ற ஊர்களிலும் பெண்கள் இருக்கிறார்கள். அதனால் எல்லாருக்கும் பொதுவாகவே வைத்தேன். எங்களோடு சேர்த்து எட்டு ஒன்பது ஊர் ஒரே தள்ளில் பச்சையாயிற்று. ஒரே ஓர் ஊர் மட்டும் ஐந்தரை, அது சிவப்பாகவே நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டேன். ஓர் ஊராவது சிவப்பாக இருந்தால்தான் மற்ற பச்சையை ஜனங்கள் நம்புவார்கள்.

ஒவ்வொரு மாற்றத்தையும் மேலே தள்ளும்போது என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுத வேண்டும், அது முறை. நான் 'சிறு திருத்தம்' என்று எழுதினேன். ரெபாசிட்டரி பூட்டி வைத்ததல்ல, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். இத்தனை வருடமாக ஒருவரும் பார்க்கவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மறுவாரமே ஆண்டி அண்ணன் பெயிண்ட் டப்பாவோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, போன்ல பச்ச காட்டுது. கொழாய்க்கும் பச்ச அடிச்சிடட்டுங்களா? பொம்பளைங்க ரோட்டுக்கு நடந்து நடந்து என்னையக் கரிச்சிக் கொட்றாங்க."

"போன்ல என்ன இருக்குதோ அதைப் பண்ணுங்கண்ணே" என்றேன்.

நான் பச்சை அடிக்கச் சொல்லவில்லை, போனைப் பார்க்கத்தான் சொன்னேன். அவர் சிவப்பின் மேலேயே பச்சையை அடித்தார். அன்று மாலையே குழாயடியில் திருவிழாக் கூட்டம். குடத்தை நிரப்பிக்கொண்டு அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்தார், என் வெப்சைட் செய்த முதல் உருப்படியான காரியம் இதுதான் என்றார். நானும் சிரித்தேன்.

பிளசிக்கு அடுத்த தை மாதமே திருவண்ணாமலைப் பக்கம் கல்யாணம் முடிந்தது. தங்கமான மாப்பிள்ளை. அந்த இரண்டு பெண்களுக்கும் ஆயிற்று. அதன் பிறகு ஊரில் வரிசையாகக் கல்யாணம்தான். ஒவ்வொரு பந்தியிலும் எனக்கு இலை போடும்போது, இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்வேன். ஊரை வாழவைத்தவன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

அன்பரசி டீச்சருக்கு அதற்குள் கிருஷ்ணகிரிப் பக்கம் மாற்றலாகிவிட்டது. ஒரு முறை போன் பண்ணினார்.

"பிரவீன், சைட்டுல ஒரு ஊரைத் தவிர எல்லாம் பச்சையா இருக்குதே, எண்ணு அப்படியேதான் இருக்கு. கோடிங்ல எதுனா தப்பாயிருச்சா?"

"டிசைன் மாத்திட்டு இருக்கேன் டீச்சர், கலர் இன்னும் செட் பண்ணலை" என்றேன். சரி, சீக்கிரம் முடிச்சிடு என்று வைத்துவிட்டார். என்னை நம்பினார், நல்ல மனுஷி. இதை வேண்டுமானால் பொய் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு மருந்துச் சொட்டும் தீர்ந்துபோயிற்று, புது அளவு எதுவும் வரவில்லை.

எங்கள் வீட்டில் நான் ஒரு வடிகட்டி மிஷின் வாங்கி மாட்டினேன். எங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால். அண்ணன் டேவிட்ராஜும் அண்ணியும் பக்கத்து வீட்டில் தனிக்குடித்தனம், அவர்களுக்குப் போர்த் தண்ணீர்தான். ஒரு நாள் அண்ணி என் அடுப்படியில் மிஷினைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏந்தம்பி, ஊருக்கெல்லாம் பச்சைன்னு போட்டுட்டு, நீங்க மட்டும் மிஷின் தண்ணி குடிக்கிறீங்க?"

விளையாட்டுக்குத்தான் கேட்டார். அம்மாவுக்கு உப்புத் தண்ணீர் ருசி பிடிக்கவில்லை என்று சொன்னேன். உங்களுக்கும் தினம் ஒரு குடம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். அண்ணி கேட்க ஆரம்பித்தால் விடமாட்டார், அவர் குணம் அது.

ஜெர்லினுக்கு இப்போது எட்டு வயது. பால்பல் விழுந்து முளைத்த பல் பழுப்பாகவே முளைத்தது. அது பரவாயில்லை, பிளசிக்கும் அப்படித்தான். ஆனால் போன வருடத்திலிருந்து அவள் நடக்கும்போது இரண்டு முட்டியும் ஒன்றோடொன்று இடிக்கிறது. பாதம் வெளியே விலகிப் போகிறது. பள்ளிக்கூடத்தில் ஓடச் சொன்னால் உட்கார்ந்துகொள்கிறாளாம். அண்ணன் சேலத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டினான். என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டாராம். பெரிய படிப்புப் படித்த தம்பி சோதனை பண்ணிப் பச்சை போட்ட தண்ணீர் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான், போனிலும் எடுத்துக் காட்டியிருக்கிறான். டாக்டர் பச்சையைப் பார்த்துவிட்டு சத்துக் குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தாராம். வீட்டுக்கு வந்து அண்ணன் இதை என்னிடம் சொன்னபோது, நான் எழுந்து போய் அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மிஷின் தண்ணீர்தான் கொடுத்தேன்.

மாதா மாதம் அந்த மாத்திரையை அரூரிலிருந்து நான்தான் வாங்கிவருகிறேன். வேறு யாரையும் வாங்க விடுவதில்லை. அவள்மேல் எனக்கு உயிர், ஃபாதர்.

அவள் மாதிரி இன்னும் சில பிள்ளைகள் இருக்கிறார்கள். நீங்கள் வந்த புதிதிலேயே கவனித்துவிட்டீர்கள். இதற்கு முன்னால் இருந்த ஃபாதர் வயதானவர், கண் சரியில்லை. நீங்கள் புதுநன்மைப் பிள்ளைகளுக்கு நாக்கில் நன்மை அப்பம் வைக்கும்போது ஒவ்வொரு வாயையும் பார்த்திருக்கிறீர்கள். போன ஞாயிறு பூசை முடிந்து என்னைக் கூப்பிட்டு, "பிரவீன், இந்தப் பிள்ளைங்க பல்லு ஏன் இப்படி இருக்கு? உன் சைட்டுல ஊர்த் தண்ணி நல்லாருக்குன்னுதானே போட்டிருக்கு? நாளைக்கழிச்சு தர்மபுரி போறேன், ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போய் லேப்ல குடுக்கலாம்னு பாக்கிறேன்" என்றீர்கள். அப்புறம் ஏதோ சாவு வந்துவிட்டதால் நீங்கள் போக முடியவில்லை. இந்தத் திங்கள் போவதாக, மணியடிக்கிற கோயில்பிள்ளை சொன்னார்.

நாளை என் கல்யாண ஓலை முதல் தடவை வாசிக்கிறீர்கள். பெண் அரூர்ப் பக்கம், டீச்சர் வேலை, நல்ல குடும்பம். மூன்று ஞாயிறு வாசித்து முடிகிற வரைக்கும் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்தலாம். பெண் வீட்டார் நம் ஊர்ப் பெயரைப் போனில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னார்கள். திங்கள்கிழமை நீங்கள் பாட்டிலோடு போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஞாயிறுவரை காத்திருக்காமல் இன்றைக்கே வந்துவிட்டேன்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் யாரிடமும் சொல்லக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் அதோடு நிற்காமல் திருச்சபைச் சட்டத்தையே படித்துப் பார்த்தேன். சொல்லக் கூடாது என்பது மட்டுமில்லை, சொன்னவனுக்குக் கெடுதல் வரும்படி அதை உபயோகிக்கவும் கூடாதாம். இனிமேல் நீங்கள் அந்தக் குழாயில் ஒரு பாட்டில் பிடித்தால், அதை நான் சொன்னதால் பிடித்தீர்களா, முன்பே நினைத்ததால் பிடித்தீர்களா என்று உங்களுக்கே நிச்சயம் இருக்காது. உங்களை நான் கட்டிப்போடுவதாக நினைக்காதீர்கள். பாரத்தை இரண்டு பேராகச் சுமக்கிறோம், அவ்வளவுதான்.

முதலில் எல்லையைச் சரிபண்ணு, அப்புறம் மன்னிப்பு என்று நீங்கள் சொல்வீர்கள். நியாயம்தான். ஒன்றரை என்று திருத்தித் தயாராகவே வைத்திருக்கிறேன், மேலே தள்ளுவதுதான் பாக்கி. கல்யாணம் முடியட்டும். அதற்குள் அத்தைப் பெண்ணுக்கு ஏதோ சம்பந்தம் பேசுகிறார்கள், அதுவும் ஒரு வழியாகட்டும். இத்தனை வருடம் குடித்தவர்களுக்கு இன்னும் கொஞ்ச நாளில் புதிதாக என்ன வந்துவிடப் போகிறது?

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். கல்யாணத்தன்று எனக்கு முன்னால் பூத்தட்டு எடுத்து வரப்போவது ஜெர்லின்தான், வேறு யாரையும் வைக்கக் கூடாது என்று அடம்பிடித்து ஏற்பாடு செய்திருக்கிறேன். வாசலிலிருந்து பீடம்வரை வர அவளுக்கு நேரம் பிடிக்கும், முட்டி இடிக்கும். அதனால் வருகைப் பாட்டை இன்னொரு முறை சேர்த்துப் பாடும்படி பாடகர் குழுவுக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பாதி வழியில் பாட்டு நின்றுபோனால் பிள்ளை மனது நோகும், ஃபாதர். அதை என்னால் தாங்க முடியாது.