அரைப்படி சொன்னா நான் கேக்கணுமா?

...கோளாறு மெஷின்லதான் தம்பி, என்கிட்ட இல்ல. ரிப்பேர் பாக்கத்தானே வந்தீங்க, நல்லா பெட்டிக்குள்ள கையை விட்டுப் பாருங்க. ஃபேன்ல தூசியா? தூசி எல்லா கம்ப்யூட்டர்லயும்தான் இருக்கு. அதுக்காக ஒரு குளிர் அறை கொதிக்குமா?

சிரிக்காதீங்க. திரையைப் பாருங்க. மருந்து வைக்கிற ரூம் இது. இன்னும் கட்டல, இதுக்குள்ளதான் இருக்கு; கட்டுறதுக்கு முன்னாடி கணக்குல ஓட்டிப் பாக்கறோம். முப்பது டிகிரில ஆரம்பிச்சு, மெதுவா எறங்கி, நாலு டிகிரில சமத்தா உக்காரணும். இது என்ன பண்ணுது? மைனஸ் நாப்பத்தெட்டு. சரி, ஆர்வக்கோளாறு, விடுவோம். அடுத்தது நூத்தி எட்டு. அப்புறம் மைனஸ் எரநூத்தி நாலு. அதுக்கப்புறம் நானூத்தி இருவது. மாத்திரை வைக்கிற எடத்துல ஈயம் உருக்கலாம்.

இத்தனைக்கும் கணக்கு சுலபம். இப்ப சூடு எவ்ளோ, எந்த வேகத்துல எறங்குதுன்னு பாக்கும். அதே வேகத்துல அரை மணி போனா எங்க நிக்கும்? அங்க ஒரே தாவு. அங்கேருந்து திரும்பப் பாக்கும், திரும்பத் தாவும். நடுவுலயா? நடுவுல எதையும் பாக்காது. எங்க வீட்டுக்காரர் வண்டி ஓட்டுற மாதிரி. ஸ்டியரிங்கை ஒரு ஒடி ஒடிச்சுட்டு ரேடியோவைத் திருகுவார். நிமிந்தா வண்டி எடது ஓரம். உடனே வலது பக்கம் அதுக்கு டபுளா ஒரு ஒடி. கேட்டா, ரோடு கோணலாம்... நான் என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், மெஷின் கோளாறு.

அந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் இருக்கானே, பேரு அரைப்படி. நான் வச்ச பேருதான். ஒவ்வொரு தாவையும் நாங்க படின்னு சொல்லுவோம். எதைக் கேட்டாலும் மூக்காலயே, "படியைப் பாதியாக்குங்கக்காஆ... அகலக்கால் வைக்காதீங்கக்காஆ..." டீ ஆறலைன்னாலும் அதான் சொல்லுவான். பாதி பாதியா வெட்டிப் பொடிநடையா போனா எப்ப போய்ச் சேர்றது? சாப்பாட்டுக்கப்புறம் எங்க ஆபீஸ் பெரியவர் வந்து நிப்பாரு. திரையில சூட்டுக் கோடு ஒழுங்கா எறங்கலைன்னா இந்த வேலையைத் தூக்கி அரைப்படி கையில குடுத்துடுவாரு. இத்தனை மாசம் நான் கட்டிக் காத்த ரூம் தம்பி.

பாதியாக்கிப் பாத்தேனான்னா கேக்கறீங்க? எப்படிப் பாக்கறது? காலைல எல்லார் முன்னாடியும், என் படி சரி, பெட்டிதான் தப்புன்னு அடிச்சுப் பேசிட்டேனே. இப்பப் போயி அவன் சொன்னதைச் செஞ்சா, அவன் சொன்னதைக் கேட்ட மாதிரி ஆயிடாது?

என்ன, வேற பெட்டியே மாட்டிட்டீங்களா? அப்படிச் சொல்லுங்க. ஓட விடுங்க... மைனஸ் நாப்பத்தெட்டு. நூத்தி எட்டு... ம்ம். புது மெஷின் என்னா வேகம், பாத்தீங்களா? அதே தப்பைக் கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள பண்ணிடுச்சு.

தம்பி, கொஞ்சம் கிட்ட வாங்க. பெரியவர் கேட்டா, மதர்போர்டு போச்சுன்னு ஒரு வார்த்தை. ரெண்டு பெட்டியிலயும்தான். ஏன், ஒரே நாள்ல ரெண்டு போகக் கூடாதா?

ஃபோன் அடிக்குது, எடுங்க எடுங்க. நான் வாயைத் தொறக்கல.

...யாரு, மச்சானா? எந்த மச்சான்? தடுப்புக்கு மேல கையாட்டுறானே, அவனா?

...உங்க அக்கா வீட்டுக்காரரா.

தங்கமான மனுஷன் தம்பி. நான் மூக்கால பேசிக் காட்டினது... அது ஒரு பாசத்துல. அரைப்படின்னா என்ன, அளந்துதான் பேசுவாருன்னு அர்த்தம். எங்க, பையைத் தூக்கிட்டீங்க? அவரோட சாப்பிடவா? போயிட்டு வாங்க, நல்லா சாப்பிடுங்க.

தம்பி. ஒரு நிமிஷம். பேச்சுவாக்குல அவர்கிட்ட ஒண்ணு கேளுங்களேன். பாதியாக்குறதுன்னா ஒரு தடவை போதுமா, இல்ல பாதியில பாதியா?

நான் கேட்டேன்னு வேணாம். மெஷின் கேட்டுச்சுன்னு சொல்லுங்க.