கூர் பார்த்த இடம்

இரவு பதினொன்றே கால்... ஆற்றோரச் சாலை. ஒரு விளக்குகூட எரியவில்லை. என் நண்பனுடைய மச்சான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறான். பின்னால் ஒரு மரப்பெட்டி. அதற்குள் இறந்துபோன ஒரு தச்சரின் உளிகள். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

இவனும் தச்சன்தான். பட்டப்பெயர் 'அவசரம்'. மலிவான உளியாகப் பார்த்து வாங்குவான். நாலு அடியில் வாய் மழுங்கிவிடும். தீட்டப் பொறுமை ஏது? தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்குவான். வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றுதான் நல்ல எஃகு அவன் கைக்கு வந்திருந்தது.

பெட்டியைக் கொடுக்கும்போது தச்சரின் மனைவி சொன்னாள்: "மழுங்கின உளியை ராத்திரி அப்படியே போட்டுட்டுப் படுத்துடாதீங்க தம்பி. அவருக்குப் பொறுக்காது."

'பொறுக்காது' என்றாள். 'பொறுத்ததே இல்லை' என்று சொல்லவில்லை. அவசரம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் மழுங்கிய உளியைப் பட்டறை மேசையில் போட்டுவிட்டு, பின்னறையில் மனைவிக்கும் எட்டு மாதக் குழந்தைக்கும் பக்கத்தில் படுத்தான். நடுச்சாமம்...

ஸ்ர்ர்க்... ஸ்ர்ர்க்...

கல்லில் இரும்பு தேய்கிற சத்தம். லேசாக எண்ணெய் வாசனை. எலி என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். எந்த எலி எண்ணெய் விட்டு உளி தீட்டுகிறது?

காலையில் அந்த உளி, வாழைத்தண்டில் இறங்குவதுபோல் மரத்தில் இறங்கியது.

மனைவி நடுங்கிப்போனாள். இவன் சிரித்தான். "சம்பளம் கேக்காத ஆளு. நமக்கென்ன வந்துது?"

அன்றிலிருந்து ஓர் உளியைக்கூட அவன் தீட்டவில்லை. அழுதாலும் பிள்ளை அவள்தான் பெறவேண்டும் என்பார்கள். இவன் அதற்கும் ஆள் வைத்துவிட்டான்.

நாலாம் நாள் கை கழுவும்போதுதான் பார்த்தான். இடது முன்னங்கையில் ஓர் அங்குல அகலத்துக்கு முடியே இல்லை. வழுவழுவென்று இருந்தது.

தச்சர்கள் உளியைத் தீட்டியதும் கூர் பார்ப்பார்கள். முன்னங்கையில் வைத்து மெல்ல இழுப்பார்கள். முடியை மழித்தால் கூர் சரி. ஆனால் இவன் தீட்டவே இல்லையே... கூரும் பார்க்கவில்லையே...

அன்றே சாணைக்கல் முன்னால் உட்கார்ந்தான். பழகாத கை, உளியின் வாய் கோணியது. இரவு மறுபடியும் ஸ்ர்ர்க்... விடிந்தால் வலது கையும் வழுவழுவென்று இருந்தது. அப்புறம் மார்பு. அப்புறம் கால்கள்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்க ஓடினான். அந்த வீடு பூட்டிக் கிடந்தது. ஆற்றில் எறியலாம்... தேடிக்கொண்டு வந்துவிட்டால்?

பத்தாம் நாள் காலை, தடவிப் பார்த்தால் தலையிலும் முடி இல்லை. அவன் உடம்பில் கூர் பார்க்க இனி இடமே இல்லை. அப்போதுதான் அவன் கண், பக்கத்தில் தூங்குகிற குழந்தைமேல் போனது. உயிரே போய்விட்டது அவனுக்கு.

"இன்னைக்கு நானே சரியாத் தீட்டிடுறேன். அவருக்கு இங்க வேலையே இருக்கக் கூடாது" என்று மனைவியிடம் சொன்னான். பகல் முழுக்கத் தீட்டினான். விரல் தோல் உரிந்தது. அவசரம் என்று பெயரெடுத்தவன், ஒவ்வோர் உளிக்கும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தான். பொழுது சாயும்போது ஒவ்வொரு வாயும் கண்ணாடிபோல் மின்னியது.

அன்று இரவு இருவரும் விழித்தே கிடந்தார்கள். பன்னிரண்டு... ஒன்று... இரண்டு... சத்தமே இல்லை. அவருக்குத் திருப்திதான் என்று நினைத்து, ஆனந்தத்தில் அழுதுகொண்டே தூங்கிப்போனான்.

விடியற்காலை மனைவி அவனை உலுக்கினாள்.

"ஏங்க... பிள்ளைக்கு நீங்களா முடி எடுத்தீங்க?"

குழந்தை சிரித்துக்கொண்டு கிடந்தது. உச்சந்தலையில் ஓர் அங்குல அகலத்துக்கு முடி இல்லை. சின்னக் கீறல்கூட இல்லை.

தீட்டுகிற வேலை அன்று அவருக்கு இருக்கவில்லை... கூர் மட்டும் பார்த்திருக்கிறார்.